வெள்ளையடிப்பும் மீன்தொட்டியும்

பாவூர்சத்திரம் பக்கம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது மீன்தொட்டி மேல ஒரு சாக்கைப் போட்டு மூடுவோம். சுண்ணாம்புக்கு அது போதும். நீத்துன சுண்ணாம்பு சொட்டுனாத்தான் தண்ணியில காரம் ஏறி மீன் சாகும். குற்றாலம் சித்திரசபையையே பாருங்க. சுவர் பூரா மூலிகை வண்ணத்துல ஓவியம், எதிர்லயே தெப்பக்குளம். தின்னர் வாடையே இல்லாத வேலை, அந்தக் குளத்து மீனுக்கு என்ன கவலை :)

கண்ணாடித் தொட்டியில மீன் வளர்க்கறது அப்புறம் வந்த பழக்கம். 1853ல லண்டன் மிருகக்காட்சிசாலையில மீன்காட்சி திறந்தாங்க. நம்ம மெரினாவுக்கு அது 1909ல வந்துச்சு. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல மூடியும் போச்சு.

வீட்டுக்குள்ள தொட்டி பெருகுன காலத்துலதான் எனாமல் பெயிண்டும் வந்து சேர்ந்துச்சு. வினையே அங்கதான். ஆபத்து சொட்டுறதுல இருந்து காத்துக்கு மாறிடுச்சு, நாம இன்னும் சாக்கைத்தான் தேடுறோம். தொட்டியை எவ்வளவு இறுக்கி மூடினாலும், வெளிய இருக்கற காத்து மோட்டார் அறையில உள்ள தின்னர் ஆவியை உறிஞ்சி நேரா தண்ணிக்குள்ள குமிழ் குமிழா விடும். மோட்டாரை நிறுத்துனா மூச்சு முட்டும். அதனால அதை அடுத்த அறையில வச்சு நீளக் குழாய் போடணும்.

சுரண்டுற தூசி தனிக்கதை. வீட்டு பெயிண்ட்ல ஈயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல கூடாதுன்னு இந்தியாவுல விதி வந்ததே 2016லதான், அமல் 2017 நவம்பர்ல. அதுக்கு முந்தி பெயிண்ட் அடிச்ச சுவரைச் சுரண்டப் போறீங்கன்னா, மீனை வாளியோட பக்கத்து வீட்டுல கொண்டுபோய் விட்டுருங்க மக்கா.