வாக்குரிமையும் வகுப்பறையும்

1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம் பேர். 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர்களோ நூற்றுக்குப் பதினெண்மரே. உரிமை முன்னே வந்தது. அதனைக் கையாளும் பயிற்சி பின்னே வரவேண்டியிருந்தது.

அப்பயிற்சிக்கு உரிய இடம் உயர்நிலைப் பள்ளியே என்று எடுத்துரைத்தது, 1952 செப்டம்பரில் அமைக்கப்பெற்ற இடைநிலைக் கல்விக் குழு. அதன் தலைவர், அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் என்பது தமிழர்க்குப் பெருமை தருவதாகும். 1953ஆம் ஆண்டு அளித்த அறிக்கையில், மக்களாட்சிக்கேற்ற குடிமைப் பண்பை வளர்த்தல் கல்வியின் தலையாய நோக்கங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டது. உண்மையையும் பிரசாரத்தையும் பிரித்தறியும் தெளிவு, அத்தெளிவைப் பேச்சிலும் எழுத்திலும் புலப்படுத்தும் திறன் ஆகிய இரண்டையும் அக்குழு வற்புறுத்தியது.

ஆயினும், ஈரவைகளின் பெயரையும் உறுப்பினர் தொகையையும் மனனம் செய்து ஒப்பித்துவிட்டால் குடிமைப் பண்பு வந்துவிடுமா? 1962ஆம் ஆண்டு பம்பாயில் கூடிய அனைத்திந்தியக் கொறடாக்கள் மாநாடு, கல்வி நிலையங்களில் மாதிரி நாடாளுமன்றங்கள் நடத்துவதை ஊக்குவிக்குமாறு பரிந்துரைத்தது. அதன் பயனாக 1966-67இல் தில்லிப் பள்ளிகளில் இளைஞர் நாடாளுமன்றப் போட்டி தொடங்கிற்று. 1988இல் கேந்திரிய வித்யாலயங்களுக்கும் அது விரிந்தது. அவைத்தலைவர், அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் என மாணவரே அமர்வர். வினா நேரமும் விவாதமும் முறைப்படி நிகழும்.

இதன் உயிர்நாடி எதிர்வரிசையிலேதான் உள்ளது. தனக்கு உடன்பாடில்லாத கொள்கைக்காக வாதாட நேரும் மாணவன், மறுதரப்பின் நியாயத்தை உணர்கிறான். பல சமயத்தவரும் கூடி வாதிடும் பட்டிமண்டபத்தை மணிமேகலையிற் கண்ட நமக்கு இது புதிதன்று. ஆசிரியர் எழுதித் தந்த உரையை ஒப்பிப்பதோடு நின்றுவிடுமாயின், அது நாடகமேயன்றி நாடாளுமன்றம் ஆகாது.

1989இல் நடைமுறைக்கு வந்த 61ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. பள்ளிக்கும் வாக்குச் சாவடிக்கும் இடையே முன்பிருந்த சில ஆண்டு இடைவெளி மறைந்தது. ஆகவே, வெளிமாநிலங்களில் வாழும் நம் சங்கங்கள் நடத்தும் பேச்சுப் போட்டிகளில் முழங்கும் குரலுக்கு மட்டுமன்றி, எதிர்வாதத்தைச் செவிமடுத்து நேர்மையாக விடை தரும் பண்புக்கும் பரிசளிப்போமாக. பல மொழியினரோடு கூடிவாழும் நம் பிள்ளைகளுக்கு அப்பண்பே வாழ்நாள் துணையாகும்.