கிராணி மேசை முதல் கூட்ட அறை வரை: வட செபராங் பிறை அலுவலகங்களில் கருத்துப் பரிமாற்றமும் குழுப்பணியும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப்பகுதியான செபராங் பிறையில், வட மாவட்டத்தின் நிர்வாகம் கெப்பாலா பத்தாஸிலிருந்து நடக்கிறது. 1800இல் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்று வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயரிட்ட நிலம் இது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே கரும்புத் தோட்டங்கள் பெருகின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றின் இடத்தை ரப்பர் பிடித்தது. மூடா ஆற்றை ஒட்டிய தாழ்நிலம் நெல்வயலாகவே நீடித்தது. தோட்டத் துரைமாரும் அதிகாரிகளும் ஆங்கிலம் பேசினர். கம்பம் எனும் கிராமத்தில் மலாய், கடைத்தெருவில் ஹொக்கியன், தோட்டத்தில் தமிழ். இத்தகைய வட்டாரத்தில் அலுவலக வேலையின் பெரும்பகுதி ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குப் புரியவைப்பதுதான். தொடக்கத்தில் தனியொருவரின் கைத்திறனாக இருந்த இந்த வேலை மெல்ல மெல்லப் பலரின் கூட்டுப் பொறுப்பாக மாறியது. திருப்பம் நிகழ்ந்தது 1960களின் மாவட்ட அலுவலகத்தில். பயிற்சி வகுப்புகளும் கையேடுகளும் அதற்குப் பின்னரே வலுப்பெற்றன.

தோட்ட அலுவலகத்தின் நடுநாயகம் கிராணி எனப்பட்ட எழுத்தர். விடியுமுன் பிரட்டு எனும் வருகைக் கணக்கெடுப்புக்குக் கூடும் தொழிலாளர்களைப் பேர் சொல்லி அழைப்பது, வந்தவர் வராதவரைச் செக்ரோல் எனும் பதிவேட்டில் குறிப்பது, அன்றைய வேலையை மேற்பார்வையாளர்களான கங்காணிக்கும் மண்டோருக்கும் பிரித்துச் சொல்வது, மாதமுடிவில் சம்பளக் கணக்கை முடிப்பது ஆகிய அனைத்தும் அவர் மேசையில் சேர்ந்தன. இந்தக் கணக்கு வெறும் எழுத்து வேலையாக இருக்கவில்லை. தன் ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்பதைப் பொறுத்துக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே எண்ணிக்கை கூடினால் கங்காணிக்கு ஆதாயம்; தவறிக் குறைந்தால் தொழிலாளிக்கு ஒருநாள் கூலி நட்டம். இரண்டுக்கும் நடுவே பேனாவைப் பிடித்திருந்தவர் கிராணி.

ஆங்கிலப் பள்ளியில் படித்த மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் இப்பணியில் மிகுதியாக இருந்தனர். லயம் எனும் வரிசை வீடுகளில் வாழ்ந்தவரின் தமிழும் துரை பங்களாவின் ஆங்கிலமும் கிராணியின் வாய்வழியாகவே சந்தித்துக்கொண்டன. நோயாளிக்கு ஓய்வு, கூலியில் பிடித்தம், குடும்பத்தில் நடந்த இழவு என எந்த முறையீடும் அவர் எடுத்துச் சொன்ன அளவுக்கே துரையின் காதுக்கு எட்டியது. நல்ல கிராணி வாய்த்த தோட்டத்தில் பல சச்சரவுகள் அலுவலக வாசலிலேயே தீர்ந்தன. ஆனால் எல்லாம் ஒரே ஆளின் நாவில் தொங்கும் ஏற்பாட்டில் அவர் சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அந்தக் கால அலுவலக முறையின் ஆழமான குறை இதுவே.

இந்தக் குறையை ஆட்சியாளர்களும் அறியாமலில்லை. அவர்கள் கண்ட தீர்வு, மேலே இருப்பவருக்குத் தமிழ் கற்பிப்பது. 1919இல் தொடங்கிய தோட்டத்துரைமார் சங்கம் தன் உறுப்பினர்களுக்குத் தமிழ்த் தேர்வு நடத்தியது. மலாயா சிவில் சேவையில் தொழிலாளர் இலாகாவுக்கு எனத் தேர்ந்த இளம் அதிகாரிகள் சிலர் தமிழ் பயில்வதற்காகவே தென்னிந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். ஆனால் எழுத்தரின் திறனை வளர்க்கவோ, அவர் தோளில் இருந்த சுமையைப் பகிரவோ குறிப்பிடத்தக்க ஏற்பாடு உருவாகவில்லை. 1954இல் பி. பி. நாராயணன் போன்ற தொழிற்சங்கத் தலைவர்களின் முயற்சியில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபின் நிலைமை மாறியது. தோட்டத்துச் சங்கக் கிளையின் தலைவர் நிர்வாகத்தின் எதிரே உட்கார்ந்து நேரடியாகப் பேசத் தொடங்கியதும் கிராணியின் ஏகபோகம் தளர்ந்தது.

அரசு அலுவலகங்களில் இதே நிலை வேறு வடிவில் இருந்தது. அங்கே பேச்சை நடத்தியது கோப்பு. கோப்பின் உள்ளே செருகிய குறிப்புத் தாளில் எழுத்தர் ஒரு பத்தி எழுதுவார். தலைமை எழுத்தர் அதன்கீழ் தம் கருத்தைச் சேர்ப்பார். மாவட்ட அதிகாரி இறுதியாக ஆணையிடுவார். கோப்பு வந்த வழியே இறங்கும். யார் எப்போது என்ன சொன்னார் என்பதற்குச் சான்று நிலைத்தது. இன்றைக்கும் மதிக்கத்தக்க ஒழுங்கு அது. ஆயினும் பேச்சு மேலும் கீழுமாகவே ஓடியது. பொதுப்பணி இலாகாவின் கோப்பும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் கோப்பும் ஒன்றையொன்று பார்ப்பது அரிது.

பக்கவாட்டில் பேசும் பழக்கத்தை முதலில் கட்டாயமாக்கியது போர். 1948இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை எதிர்த்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1950இல் கிளர்ச்சியை ஒடுக்க வகுத்த பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் மாநில, மாவட்ட அளவில் போர்ச் செயற்குழுக்கள் அமைந்தன. மாவட்ட அதிகாரி, போலீஸ், இராணுவம் ஆகிய தரப்புகள் ஒரே மேசையில், ஒரே வரைபடத்தின் முன் அமர்ந்து முடிவெடுத்தன. கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க அங்கே நேரமில்லை.

இந்தப் பழக்கத்தை வளர்ச்சிப் பணிக்குக் கொண்டுவந்தவர் துன் அப்துல் ரசாக். துணைப் பிரதமராக இருந்த அவர் ஊரக வளர்ச்சிப் பொறுப்பையும் ஏற்று, 1960இல் ‘சிவப்புப் புத்தகம்’ என்ற திட்டத்தை நடைமுறைப்படுத்தினார். ஒவ்வொரு மாவட்டமும் தன் திட்டப் புத்தகத்தைத் தானே தயாரிக்க வேண்டும். அடியில் மாவட்டத்தின் வரைபடம். அதன்மேல் ஒளிபுகும் தாள்கள். ஒரு தாளில் சாலை, ஒன்றில் குடிநீர், ஒன்றில் பாசனக் கால்வாய், வேறொன்றில் பள்ளி என்று வரைந்து அடுக்கினால், புதுச் சாலை எந்தக் கால்வாயைக் குறுக்கே வெட்டுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். வட செபராங் பிறையைப் போன்ற வயல்வெளி மாவட்டத்தில் இந்த ஒரு காட்சி எத்தனையோ பக்கக் கடிதங்களுக்குச் சமம். ஊர்க்குழுவின் கோரிக்கைகள் மாவட்டக் குழுவுக்கு வந்தன. அதில் மாவட்ட அதிகாரியின் தலைமையில் இலாகா அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் உட்கார்ந்து முன்னுரிமை வரிசையை முடிவு செய்தார்கள்.

கோலாலம்பூரில் தேசிய நடவடிக்கை அறையும், மாநிலங்களிலும் மாவட்டங்களிலும் அதன் சிறு வடிவங்களும் எழுந்தன. சுவர் முழுக்க வரைபடங்களும் முன்னேற்ற அட்டவணைகளும் தொங்கின. ரசாக் முன்னறிவிப்பின்றி மாவட்டங்களுக்குப் போய், அட்டவணையில் எழுதியது களத்தில் நடந்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். இப்பணிக்காக 1967இல் அவருக்கு மக்சாய்சாய் விருது வழங்கப்பட்டது. எழுத்தரின் பார்வையிலிருந்து நோக்கினால் இதன் பயன் இன்னும் பெரிது. அட்டவணையைப் புதுப்பிக்க அவர் நான்கைந்து இலாகாக்களில் கேட்டு விவரம் திரட்ட வேண்டியிருந்தது. சுருக்கமாகவும் பிழையின்றியும் எழுத வேண்டியிருந்தது. கேட்டால் வாய்மொழியாகவும் விளக்க வேண்டியிருந்தது. கருத்துப் பரிமாற்றமும் குழுப்பணியும் அலுவலகப் பணியாளரின் அன்றாட வேலையாக ஆனது இங்கேதான். பின்னர் வந்த சீர்திருத்தங்களுக்குக் கிடைத்த விளம்பரம் எழுத்தர் பணியில் வந்த இம்மாற்றத்துக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் அவை அனைத்தும் இந்த அடித்தளத்தின்மேல் நின்றவையே.

பயிற்சி இதன்பின் வலுப்பெற்றது. போர்ட் டிக்சனில் 1959இல் தொடங்கிய அரசு ஊழியர் பயிற்சி நிலையம் 1972இல் ‘இந்தான்’ எனும் தேசியப் பொது நிர்வாகக் கழகமாக வளர்ந்தது. அதற்கிடையே 1966இல் அமெரிக்க அறிஞர்களான மான்ட்கோமரி, எஸ்மன் இருவரும் அளித்த அறிக்கை நிர்வாகச் சீரமைப்பையும் பயிற்சியையும் வலியுறுத்தியது. இந்தானின் வடக்கு வளாகம் கெப்பாலா பத்தாஸுக்கு அண்மையிலேயே, கெடாவின் சுங்கை பட்டாணியில் உள்ளது. 1967இன் தேசிய மொழிச் சட்டம் மலாய் மொழியை ஒரே அலுவல் மொழியாக்கியது. ஆங்கிலத்தில் குறிப்பெழுதிப் பழகிய ஒரு தலைமுறைத் தமிழ் எழுத்தர்கள் நடுவயதில் மலாயில் கடிதம் எழுதப் பயின்றார்கள். வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துபோகும் பெருமுயற்சி அது.

இலாகாக்கள் ஒரே மேசையில் கூடியதுபோல உள்ளாட்சியிலும் இணைப்பு நடந்தது. 1970களின் நடுவில் செபராங் பிறையின் தனித்தனி மன்றங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டு, 1976இல் ஒரே நகராண்மைக் கழகம் ஆயின. 2019இல் அது மாநகர் மன்றமாக உயர்ந்தது.

1980களில் பிரதமர் டாக்டர் மகாதீரின் ‘கிழக்கை நோக்கும்’ கொள்கை ஜப்பானிய அலுவலக முறைகளைக் கொண்டுவந்தது. அறைச்சுவர்களை அகற்றித் திறந்தவெளி அலுவலகம் அமைப்பது ஒன்று. தரக்கட்டுப்பாட்டு வட்டம் மற்றொன்று. 1962இல் கவோரு இஷிகாவாவின் வழிகாட்டலில் ஜப்பானியத் தொழிற்சாலைகளில் தோன்றிய அந்த வட்டம், மலேசிய அரசுத் துறையில் வேலைத்தர மேம்பாட்டுக் குழுவாக உருவெடுத்தது. ஒரே பிரிவில் வேலை செய்யும் சிலர் தாமாகக் கூடி, தங்கள் மேசையில் தேங்கும் ஒரு சிக்கலை எடுத்து, காரணம் தேடி, தீர்வை மேலிடத்துக்குப் படைப்பார்கள். கடைநிலை எழுத்தரும் எழுந்து நின்று தம் யோசனையை விளக்கும் வாய்ப்பு இதனால் முறைப்படி ஏற்பட்டது. போட்டிக்காக மட்டும் கூடிக் கலைந்த குழுக்களும் உண்டு. அன்றாட வேலையோடு ஒட்டிய குழுக்களே நிலைத்தன.

1991இல் வெளிவந்த நிர்வாக மேம்பாட்டுச் சுற்றறிக்கைகள் இந்தப் பழக்கங்களை எழுத்தில் நிலைநிறுத்தின. 2ஆம் எண் சுற்றறிக்கை கூட்டம் நடத்தும் முறையையும், 7ஆம் எண் வேலைத்தர மேம்பாட்டுக் குழுக்களையும், 8ஆம் எண் பணிமுறைக் கையேட்டையும் மேசைக் கோப்பையும் பற்றியவை. இவற்றுள் மேசைக் கோப்பு தனியே கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு பணியாளரும் தம் கடமைகள், தாம் தொடர்புகொள்ளும் அதிகாரிகள், வேலையின் படிகள், சரிபார்ப்புப் பட்டியல், பயன்படுத்தும் படிவங்கள், தொடர்புடைய சட்டவிதிகள் ஆகியவற்றைத் தொகுத்து மேசையில் வைத்திருக்க வேண்டும். அவர் மாற்றலாகிப் போனாலும், பிரசவ விடுப்பில் இருந்தாலும், அந்த நாற்காலிக்கு வருபவர் அதைப் படித்து வேலையைத் தொடரலாம். கிராணியோடு அவர் அறிவும் வெளியேறிய பழைய காலத்தோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். 1993இல் வந்த வாடிக்கையாளர் சாசனம், கவுன்டருக்கு வருபவர் எவ்வளவு நேரத்தில் என்ன எதிர்பார்க்கலாம் என்பதைச் சுவரில் எழுதி ஒட்டச் செய்தது.

அரசு ஊழியரின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் ‘உறவும் ஒத்துழைப்பும்’ என்பதற்குத் தனி மதிப்பெண் சேர்ந்தது. கூட்டக் குறிப்புகளில் ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே அதைச் செயற்படுத்த வேண்டியவரைக் குறிப்பிடுகிறார்கள். நிர்வாகமும் தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் கூடும் இலாகாக் கூட்டுமன்றத்தில் ஊழியர் குறைகள் பேசப்படுகின்றன. அலுவலக வேலைக்காகத் தனியார் துறைக்குச் செல்வோருக்கு மலேசியத் திறன் சான்றிதழ் முறை இருக்கிறது. 1989இல் அமைந்த தேசியத் தொழிற்பயிற்சி மன்றம் தொடங்கிவைத்த பணித்தர வரையறைகளின் அடிப்படையில் அது வழங்கப்படுகிறது. ஆவணங்கள் கணினிக்கு மாறியபின் கோப்பின் குறிப்புத் தாள் செய்த வேலையை மின்னஞ்சலும் வாட்ஸ்அப் குழுக்களும் பங்கிட்டுக்கொண்டன. வேகம் கூடியிருக்கிறது, ஆனால் யார் எதை முடிவு செய்தார் என்ற தெளிவான தடயம் குழு உரையாடல்களில் எளிதில் புதைந்துவிடுகிறது. வாய்மொழியாகவும் கைப்பேசியிலும் எடுத்த முடிவைக் கோப்பில் ஏற்றும் வேலை இன்றும் நிர்வாக உதவியாளரின் கையில்தான் இருக்கிறது.