எழுநூற்று இருபத்தொன்று

ஓர் எண்ணை 2, 3, 4, 5, 6 ஆகிய எதனால் வகுத்தாலும் மீதி 1 வரவேண்டும். 7 ஆல் வகுத்தால் மீதியே இருத்தலாகாது. அவ்வெண் யாது?

பஸ்ராவில் 965 அளவில் பிறந்து, கெய்ரோவில் 1040 அளவில் மறைந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம் ஆராய்ந்த கணக்கு இது. ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூலை யாத்தவராகவே அவரை நம்மில் பலர் அறிவோம்.

1 முதல் 6 வரை பெருக்கினால் 720. ஒன்றைக் கூட்டினால் 721. அது ஏழின் 103 மடங்கு. காரணம், 7 ஒரு பகா எண். அரபியில் ‘அதத் அவ்வலீ’. எந்தப் பகா எண்ணாயினும், அதற்கு முந்திய எண்களையெல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், வரும் தொகை அதனால் மீதியின்றி வகுபடும். பகு எண் எதற்கும் இப்பண்பு இல்லை.

1770-இல் எட்வர்ட் வேரிங் தம் நூலில் இவ்விதியைத் தம் மாணவர் வில்சனுக்குரியதாக வெளியிட்டார். மறு ஆண்டு லக்ராஞ்சு அதனை நிறுவினார். உலகம் அதனை ‘வில்சன் தேற்றம்’ என்கிறது.

“நம்மவர் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டார்” என்று மகிழ்வது நியாயமே. ஆனால் மகிழ்ச்சியோடு நின்றுவிடலாமா?

நின்றுவிடாத ஒருவர் நம் தமிழ்நாட்டிலேயே இருந்தார். 1901-இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எஸ்.எஸ். பிள்ளை இவ்விதியை ஒட்டியே ஒரு வினா எழுப்பினார். 5 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 121. அதனை வகுக்கும் பகா எண் 11. 11-இல் ஒன்று குறைந்தால் 10, அது ஐந்தின் மடங்கு. எப்போதும் இவ்வாறே அமையுமா? அமையாது. 8 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 40321. அதனை 61 வகுக்கும், ஆயின் 60 எட்டின் மடங்கன்று. இத்தகையவை இன்று ‘பிள்ளைப் பகா எண்கள்’ எனப்படுகின்றன.

1950 ஆகஸ்டு 31 அன்று, அமெரிக்காவில் கூடவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில் அவர் விமான விபத்தில் மறைந்தார். இப்னுல் ஹைதம் மறைந்த அதே கெய்ரோவுக்கு அருகில்!

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட ஒரு பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். ஏழுக்குரிய விதியே அதற்கும் உரியது. ஆயினும் அதனை இவ்விதியால் சோதிக்க எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. வேறு வழி தேடியே அதனை உறுதிசெய்தனர். 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும் அவர்தம் மாணவர் இருவரும், எந்த எண்ணையும் ஐயமின்றி, விரைவாகச் சோதிக்கும் பொதுவழி ஒன்றைக் கண்டனர்.

கரையான்சாவடியில் நம் பிள்ளைகளிடம் இக்கணக்கைக் கொடுத்தோம். ஒரு சிறுமி 301 என்றாள். அதுவும் சரியே; இப்னுல் ஹைதம் கண்ட விடைகளுள் அதுவும் ஒன்று. “யார் கண்டுபிடித்தார்?” என்று அவள் கேட்கவில்லை, “இன்னும் எத்தனை விடைகள் உண்டு, ஹஜ்ரத்?” என்றே கேட்டாள்.

முன்னோரின் பெயரைக் காப்பது நம் கடமை. அவர்தம் வினாவைத் தொடர்வது அதனினும் பெரிய கடமை. அத்தகைய பிள்ளைகளை அல்லாஹ் நம் இல்லந்தோறும் பெருக்குவானாக.