ரோதை முனி பிறந்த கதை

ஊரைவிட்டுப் போகிற தமிழ்க் குடும்பம் குலசாமியையும் கூட்டிக்கொண்டுதான் போகும். கோயில் வாசலில் ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துகொள்வார்கள். போன இடத்தில் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, அதன் காலடியில் அந்த மண்ணைப் போட்டுவிட்டால் சாமி வந்து குடியேறிவிட்டார் என்று அர்த்தம். பிடிமண் என்பது அதுதான். இலங்கையின் ஊவா மலைகளில், பதுளை, பசறை, மடுல்சீமை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிற மாரியம்மனுக்கும் மாடசாமிக்கும் மதுரைவீரனுக்கும் கருப்பண்ணசாமிக்கும் அக்கரையில் ஒரு தாய்வீடு உண்டு. ரோதை முனிக்குத் தாய்வீடு கிடையாது. திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் சேலத்திலும் அலைந்தாலும் அவருடைய ஆதிக்கோயில் அகப்படாது. அவருக்குப் பிடிமண்ணே இல்லை. அவர் மலையகத்துத் தேயிலை ஸ்டோரில் பிறந்தவர்.

தோட்டத்தில் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. ரோதை என்றால் சக்கரம். ஸ்டோரின் பெரிய சக்கரத்தைக் காக்கிற, உரியதைக் கொடுக்கத் தவறினால் காவு வாங்கிவிடுகிற முனிதான் ரோதை முனி.

அவர் பிறப்பதற்கு முன்னால் இந்த மலைகளில் கோப்பி இருந்தது. கோப்பிப் பழத்தின் தோலை உரிக்க ஓடைத் தண்ணீரில் சுற்றும் சக்கரங்கள் அப்போதே வந்துவிட்டன. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் சில ஆண்டுகளில் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் பயிரிட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. முதலில் கொழுந்தைக் கையால்தான் உருட்டினார்கள். 1880இல் கண்டியில் ஜான் வாக்கர் கம்பெனி கொழுந்து உருட்டும் இயந்திரத்தைச் செய்யத் தொடங்கியது. பத்தே ஆண்டில் தாமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு மேலே தம்பேதென்னையில் ஸ்டோர் கட்டினார். அப்புத்தளைக்கு ரயில் வந்ததோ 1893இல். பதுளைக்கு வர 1924 ஆகிவிட்டது. பாதையும் சரியாக இல்லாத காலத்திலேயே இவ்வளவு இரும்பு ஊவா மலைக்கு ஏறிவிட்டது.

பழைய ஸ்டோரின் உள்ளே ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்கு ரோதை முனி ஏன் பிறந்தார் என்று விளக்க வேண்டியதில்லை. கூரைக்குக் கீழே, கட்டடத்தின் நீளத்துக்கு ஒரு இரும்புத் தண்டு. வெளியே தண்ணீரோ எஞ்சினோ சுழற்றினால் அந்தத் தண்டு முழுவதும் சுழலும். தண்டில் வரிசையாகச் சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்திலிருந்தும் ஒரு தோல் பட்டை இறங்கி, கீழே இருக்கிற, கொழுந்து உருட்டும் ரோலரையோ சல்லடையையோ ஓட்டும். பட்டைகளுக்கு மூடி கிடையாது. வாடிய கொழுந்தைக் கூடையிலிருந்து ரோலருக்குள் கொட்டுகிறவனுடைய தோளுக்கு ஒரு சாண் தள்ளி பட்டை ஓடிக்கொண்டிருக்கும். வேட்டி முனையோ தலைப்பாகையின் தொங்கலோ கொஞ்சம் பட்டால் ஆளையே இழுத்துக்கொண்டு மேலே போய்விடும். கத்தினால் நிற்காது. இரண்டு அறை தள்ளி எஞ்சினுக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு இந்த இரைச்சலில் எந்தக் கூச்சலும் கேட்காது.

அந்த ரோலருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்பட்டவர்கள் மாட்டை அதட்டி நிறுத்தப் பழகியவர்கள். அவர்களுக்குத் தெரிந்த ஆபத்துகள் கண்மாய் மடையிலும் ஊர் எல்லையிலும் ஒற்றைப் பனையிலும் இருந்தன. அந்த இடங்களுக்கெல்லாம் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார்: முனி. கேட்டுக்கொண்டு போனால் விட்டுவிடுவார், கேட்காமல் நுழைந்தால் அடித்துவிடுவார். ரத்தம் கேட்கிற இடம் எதுவானாலும் அதற்கு ஓர் உடையவர் உண்டு, அவருக்கு உரியதை முதலில் கொடுத்துவிட்டால் மனுசனைத் தொடமாட்டார் என்பது அவர்கள் கொண்டுவந்த கணக்கு. ஸ்டோரில் ஒரு கை போனதும் அந்தக் கணக்கு தானாக வேலை செய்திருக்கும். இந்தச் சக்கரமும் ஒரு முனிக்குச் சொந்தம். கையை எடுக்காதே, சேவலை எடுத்துக்கொள். ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு கல் நின்றது. கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும் சாத்தி, சூலம் ஊன்றி, சூடம் காட்டினார்கள். முதல் கல்லை நட்டவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் ஒரு மேல்வரம்பு இருக்கிறது. சக்கரம் வருவதற்கு முன்னால் ரோதை முனி இருந்திருக்க முடியாது.

ஊவாவில் அவருக்கு வேலை அதிகமான மாதங்கள் ஆடியும் ஆவணியும். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்கு மலைகளிலேயே கொட்டிவிட்டு, கச்சானாக, வறண்டு, இந்தப் பக்கம் இறங்கும். அந்தக் காற்றில் வாடுகிற கொழுந்துக்குத்தான் உலகச் சந்தையில் ஊவா மணம் என்று பெயர். விலை ஏறும், ஸ்டோர் விடிய விடிய ஓடும், தூக்கம் கெட்டவன் கை ரோலருக்குப் பக்கத்தில் இருக்கும்.

இதே காலத்தில் இன்னொரு சமயத்தின் கதையும் இந்த மலைகளைத் தொட்டுக்கொண்டு போனது. 1884இல் இங்கிலாந்தில் பிறந்த ஜெரால்டு கார்ட்னர், ஆஸ்துமாக்காரப் பையன், 1900இல் இலங்கைக்கு வந்தார். மஸ்கெலியாவில் தன் செவிலித்தாயின் கணவருடைய தோட்டத்தில் தேயிலை பழகினார். 1904இலிருந்து நன்பேரியல் தோட்டத்தில் வேலை செய்தார். அது ஹோர்ட்டன் சமவெளிக்குக் கீழே, ஊவாவின் ஓகியாவுக்குக் கிட்டத்தில் இருக்கிற தோட்டம். 1908இல் போர்னியோவுக்குப் போய், பிறகு மலாயாவில் சுங்க அதிகாரியாகி, கிரிஸ் கத்திகளைப் பற்றிப் புத்தகம் எழுதி, ஓய்வுபெற்று ஊர் திரும்பினார். இங்கிலாந்தின் சூனியத் தடைச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் அவர் வெளியிட்ட நூல், இன்று விக்கா என்று உலகம் அறியும் சமயத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

விக்காவின் அடிப்படைச் சொற்கள் இன்று நூற்றுக்கணக்கான புத்தகங்களில் விளக்கப்பட்டிருக்கின்றன. சடங்கு நடத்தும் குழு கோவன். சடங்குக்கு முன்னால் ஒன்பது அடி விட்டத்தில் வட்டம் போடுவார்கள். உள்ளே எழுப்புகிற சக்தி சிதறாமலும் வெளியே இருப்பது நுழையாமலும் அது காக்கும். கிழக்குக்குக் காற்று, தெற்குக்கு நெருப்பு, மேற்குக்கு நீர், வடக்குக்கு மண் என்று நான்கு திசைக் காவலையும் அழைப்பார்கள். நிலவை இறக்குதல் என்ற சடங்கில் அம்மன் பூசாரிப் பெண்ணின் மேல் இறங்கிப் பேசுவாள். ஆண்டை எட்டுத் திருவிழாக்களாகப் பிரித்து அதை ஆண்டுச் சக்கரம் என்பார்கள். சடங்குமுறைகளைக் கையால் எழுதிவைத்துக்கொள்ளும் ஏட்டுக்கு நிழல்களின் புத்தகம் என்று பெயர். யாருக்கும் தீங்கு செய்யாமல் நினைத்ததைச் செய் என்பது அவர்கள் அறம்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு இதில் விளங்காதது எதுவும் இல்லை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய அன்று தோட்டத்து எல்லைகளைக் கட்டுவதைப் பார்த்திருக்கிறார்கள். கட்டிய பிறகு தோட்டத்தைவிட்டு வெளியே தங்கக் கூடாது. திசைக்கு ஒரு எலுமிச்சம்பழம் வெட்டி வீசுவதையும், உடுக்கைச் சத்தத்தில் அருள் வந்து சாமி பேசுவதையும், நோய்க்கு மந்திரித்துக் கயிறு கட்டுவதையும், கெட்டது பிடித்த வீட்டுக்குக் கழிப்புக் கழித்து முச்சந்தியில் போடுவதையும் பார்த்தவர்கள். மாசி மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றி, ரதியும் மதனும் ஆடி, காமனை எரித்து, பிறகு எழுப்புகிற கூத்து அவர்களுடைய ஆண்டுச் சக்கரத்தின் பெரிய ஆரம். தீமையும் அவர்களுக்குத் தெரியும்: செய்வினை, ஏவல், பில்லி. நல்லதற்குச் செய்கிற பூசாரியையும் கெட்டதற்குச் செய்கிறவனையும் தோட்டம் பிரித்துத்தான் வைத்திருந்தது.

அப்படியானால் கார்ட்னர் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டாரா? அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கும். நான் சொல்லமாட்டேன். அவர் இலங்கையில் பழகியதாகத் தெரிவது காட்டோரச் சிங்களக் கிராமத்தவர்களோடு. அக்கறை காட்டியது அவர்களுடைய பௌத்தத்தில். லயத்துப் பூசாரியிடம் அவர் உட்கார்ந்து கேட்டார் என்பதற்கு ஆதாரம் இல்லை. காரணம் சுலபமானது. கொழுந்து நிறுக்கிற இடத்திலும் காலையில் ஆள் கூட்டுகிற பெரட்டுக்களத்திலும் தோட்டத் துரைமார் பார்த்தது ஆள் எண்ணிக்கையை. அந்த ஆட்களுக்கு ஒரு சாமி இருப்பதையும், அந்தச் சாமி துரையின் இயந்திரத்திலேயே பிறந்திருப்பதையும் கவனிக்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கார்ட்னருக்குத் தன் சமயம் பழையதாக இருக்க வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் கிறிஸ்தவத்துக்கு முந்திய ஒரு வழிபாடு ஒளிந்து உயிர் பிழைத்தது என்று மார்கரெட் மரே 1921இல் எழுதியிருந்தார். அதன் எச்சம்தான் தன் கோவன் என்றார் கார்ட்னர். 1999இல் வரலாற்றாசிரியர் ரொனால்டு ஹட்டன், அது இருபதாம் நூற்றாண்டில் உருவான சமயம் என்று விரிவாகக் காட்டினார். விக்கர்களில் பலர் அதை ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் பக்தி குறையவும் இல்லை, சமயம் கரையவும் இல்லை. புதிதாகப் பிறந்தது என்பது ஒரு சாமிக்குக் குறை அல்ல என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

நாம்தான் இன்னும் கண்டுகொள்ளவில்லை. தோட்டத்துக் கோயில்களில் வசதி வந்ததும் முதலில் நடப்பது கல்லை எடுத்துவிட்டுச் சிலை வைப்பது. முனியாண்டி முனீஸ்வரர் ஆகிறார், சேவலுக்குப் பதிலாகப் பூசணிக்காய் வருகிறது, கும்பாபிஷேகப் பத்திரிகையில் தலபுராணம் அச்சாகிறது. மாரியம்மனுக்குப் புராணம் கிடைத்துவிடும். ரோதை முனிக்கு எந்தப் புராணத்திலிருந்து எடுப்பது? அவருக்கு வாகனம் இல்லை, திருக்கல்யாணம் இல்லை. இருப்பது ஒரு இரும்புச் சக்கரமும் அதில் போன கைகளும். படித்த பிள்ளைகள் அவர் பேரைச் சொல்லக் கூச்சப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். கூச்சப்பட என்ன இருக்கிறது? ஊரும் உறவும் இல்லாத மலையில், பாதுகாப்புச் சட்டமும் நட்டஈடும் எட்டாத இடத்தில், தங்கள் கையைக் காப்பாற்ற ஒருவர் வேண்டும் என்று அந்த மனிதர்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட காவல் அது. மலையக மக்கள் அக்கரையிலிருந்து கொண்டுவந்தவற்றைப் பற்றி நிறைய எழுதுகிறோம். இங்கே படைத்தவற்றைப் பற்றியும் அதே அளவுக்கு எழுத வேண்டும்.

எழுதுவதற்குக் காலமும் அதிகம் இல்லை. பல தோட்டங்களில் ஸ்டோர்கள் மூடப்பட்டுவிட்டன. கொழுந்து லொறியில் வேறு ஸ்டோருக்குப் போகிறது. மூடிய ஸ்டோரின் முனிக்கு யார் பூசை போடுவது என்பது யார் பொறுப்பும் இல்லாமல் போகிறது. கோவன்கள் சத்தியம் வாங்கிக்கொண்டு ரகசியமாகச் செய்தவை எல்லாம் அச்சாகிவிட்டன. மரத்தடியில் எல்லோரும் பார்க்கச் செய்த நம்முடைய பூசைமுறை எழுதப்படாமல் கிடக்கிறது: முதலில் எதைப் படைப்பது, பூசாரி எந்தப் பக்கம் பார்த்து நிற்பது, எந்தச் சொல்லால் அழைப்பது, சேவல் யார் வீட்டுச் செலவு, புதிய ரோலர் வந்தால் என்ன செய்வது. ரோலரில் நின்று ஓய்வுபெற்றவர்கள் ஹாலிஎலயிலும் தெமோதரையிலும் லுணுகலையிலும் இன்னும் இருக்கிறார்கள். போய்க் கேட்டால் சொல்வார்கள்.

அவர்களிடம் கேட்கும்போது கவ்வாத்துச் சாமியைப் பற்றியும் கேட்க வேண்டும். அவரும் ரோதை முனியைப் போல இங்கே பிறந்தவர்தான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிடுவது கவ்வாத்து. மலையில் கவ்வாத்துத் தொடங்கும் நாளில் ஒரு கல்லை வைத்து, கத்திகளை அதன் முன்னால் பரப்பி, வாழைப்பழமும் வெற்றிலையும் தேங்காயும் படைத்துக் கும்பிடுவார்கள். விக்காவிலும் ஒரு கத்தி உண்டு. கறுப்புப் பிடி போட்டது, அதாமே என்பார்கள். வட்டம் போடவும் சக்தியைச் செலுத்தவும் அதைப் பயன்படுத்துவார்கள். மரபுப்படி அதனால் எதையும் வெட்டக் கூடாது. வெட்டுவதற்கு வெள்ளைப் பிடிக் கத்தி வேறு. கவ்வாத்துக் கத்திக்கு அப்படி இரண்டு வாழ்வு இல்லை. அது வெட்டுகிறது, வழுக்கினால் காலையும் வெட்டிவிடும் என்பதற்காகத்தான் அதைக் கும்பிடுகிறார்கள். சூடம் அணைந்ததும் ஆளுக்கொரு கத்தியை எடுத்துக்கொண்டு நிரைக்குள் இறங்குவார்கள். அன்றைய கூலிக்குப் பேர் விழ வேண்டுமானால் கணக்குக்குச் செடி வெட்டியாக வேண்டும்.