குழாய் ரேடியோ முதல் டிஜே வண்டி வரை: 'மேட்சிங்' என்ற சொல்லின் கதை

பதிவு கொஞ்சம் நீளம். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்த ஒருவன் இப்போது குட்டியானை வண்டியில் டிஜே சவுண்ட் வைத்துத் தொழில் செய்கிறான். கல்யாணம், கோயில் கொடை, காதணி விழா என்று சுற்றுவட்டாரத்தில் நல்ல பெயர். எட்டு 18 இஞ்ச் பேஸ் பாக்ஸ் வாங்கக் கடன் போடப்போகிறானாம். "சார், எட்டையும் ஒரே ஆம்ப்ளிபயர்ல ஓட்டலாம், மேட்சிங் ஆயிடும்னு கடையில சொல்றாங்க. ஓட்டலாமா?" என்று போனில் கேட்டான். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் 'மேட்சிங்' என்ற சொல்லுக்குக் காலத்துக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கிறது. ஒரு காலத்து அர்த்தத்தை இன்னொரு காலத்துப் பெட்டிக்குப் பொருத்தினால் புகைதான் வரும். அதனால் கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

1915இல் கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்ற இரண்டு பேர் காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச் சுருளை அசையவிட்டு, அதன் முன்னால் ஒரு குழாயைப் பொருத்தினார்கள். அதற்கு மேக்னவாக்ஸ் என்று பெயர். லத்தீனில் 'பெருங்குரல்' என்று பொருள். 1919 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் சான் டியாகோவில் பெருங்கூட்டத்தின் முன் பேசியபோது இந்தக் குழாய்கள்தான் அவர் குரலைக் கொண்டு சேர்த்தன. அதற்கு முன் ஒரு தலைவர் கூட்டத்தில் பேசவேண்டுமென்றால் தொண்டைதான் மூலதனம்.

குழாய் ஏன் வந்தது? அழகுக்காக வரவில்லை. அன்றைய வால்வு ஆம்ப்ளிபயரிலிருந்து சில வாட் கிடைப்பதே பெரிய விஷயம். 1925இல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ரைஸும் கெல்லாக்கும் இன்று நாம் பார்க்கும் காகிதக் கூம்பு ஸ்பீக்கரின் அமைப்பை வெளியிட்டார்கள். அதை வைத்து விற்பனைக்கு வந்த ரேடியோலா 104 பெட்டிக்குள் இருந்த ஆம்ப்ளிபயரின் திறன் 1 வாட். காகிதக் கூம்பு, தனக்கு வரும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கைத்தான் ஒலியாக மாற்றும், மிச்சமெல்லாம் சூடு. குழாய் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் மாற்றும். வாட் பஞ்சமான காலத்தில் குழாய்தான் கைகொடுத்தது.

குழாய்க்கு ஒரு குறை உண்டு. அதன் வாயின் சுற்றளவு ஒலி அலையின் நீளத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக இருந்தால்தான் அந்த ஒலி ஒழுங்காக வெளியே வரும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 6.8 மீட்டர். அதற்கு வாயின் விட்டமே 2 மீட்டருக்கு மேல் வேண்டும். நம் ஊர் மரத்தில் கட்டிய குழாயின் வாய் அரை மீட்டர் அகலம் இருந்தால், 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது ஊமை. கோயில் குழாயில் நாதஸ்வரம் அடுத்த ஊர் வரை கேட்கும். தவிலின் வலந்தலைச் சத்தமும் டக்டக்கென்று கேட்கும். தொப்பிப் பக்கத்துக் கும்கி மட்டும் வந்து சேராது. எங்கள் தலைமுறை பாட்டுக் கேட்டதெல்லாம் பேஸ் இல்லாமல்தான்.

இனி மேட்சிங். வால்வுக்குச் சில ஆயிரம் ஓம் சுமை வேண்டும். ஸ்பீக்கரோ 8 ஓம். நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்து இரண்டையும் சமாதானம் செய்தார்கள். சுற்றுகளின் விகிதத்தை வர்க்கப்படுத்தினால் ஓம் விகிதம் கிடைக்கும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன்: 4,000 ஓமை 8 ஓமாகக் காட்ட விகிதம் சுமார் 22க்கு 1. ஆம்ப்ளிபயரின் பின்னால் 4, 8, 16 என்று முனைகள் இருப்பது இதற்காகத்தான். 8 ஓம் ஸ்பீக்கரை 8 என்ற முனையில் மாட்டு. மாற்றி மாட்டினால் சத்தம் குறையும், பிசிறும். ஸ்பீக்கரே மாட்டாமல் பாட்டை ஓடவிட்டால் டிரான்ஸ்பார்மருக்குள் மின்னழுத்தம் எகிறிப் பொறி பறந்து சுருள் போய்விடும். பழைய ரேடியோ செட்காரர்கள் ஸ்பீக்கர் வயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஸ்விட்சைப் போடுவார்கள். அந்தக் காலத்து மேட்சிங், சரிக்குச் சரி பொருத்துவது.

அடுத்தது நம்மூர் மைக்செட்டின் 100 வோல்ட் லைன். தேர் வீதி நான்கிலும் குழாய் கட்டவேண்டும், வயரோ மெல்லியது. 4 ஓமில் 250 வாட் அனுப்பினால் ஏறக்குறைய 8 ஆம்பியர் ஓடும், வயரிலேயே பாதி போய்விடும். அதையே 100 வோல்ட்டில் அனுப்பினால் 2.5 ஆம்பியர்தான். மின்வாரியம் உயரழுத்தத்தில் மின்சாரம் கொண்டுவரும் அதே தந்திரம். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சிறிய லைன் மேட்சிங் டிரான்ஸ்பார்மர். கணக்கு மிகச் சுலபம்: 15 வாட் குழாய் 16 என்றால் 240 வாட், 250 வாட் ஆம்ப்ளிபயர் தாங்கும். ஓமைப் பற்றிக் கவலையே இல்லை, வாட்டைக் கூட்டினால் போதும். பள்ளிக்கூடமே பார்க்காத மைக்செட் அண்ணன்மார் இந்தக் கணக்கை மனதிலேயே போடுவதைப் பார்த்திருக்கிறேன். 'எட்டையும் ஒரே ஆம்ப்ளிபயரில் மாட்டு' என்ற தைரியம் இந்த லைன் காலத்திலிருந்து வந்த மிச்சம் என்பது என் ஊகம்.

பேஸ் எங்கிருந்து வந்தது? வண்டியில் ஏற்றி, தெருவில் இறக்கி, இசைத்தட்டு போட்டு ஊரை ஆடவைக்கும் தொழிலுக்குத் தாய்வீடு ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், வாத்தியக் குழுவை அழைக்கக் காசில்லாத ஜனங்களுக்குத் திறந்தவெளியில் அமெரிக்க இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். 'சவுண்ட் சிஸ்டம்' என்றுதான் பெயர். இரும்புச் சாமான் கடைக்காரரான டாம் வாங், 'டாம் தி கிரேட் செபாஸ்டியன்' என்ற பெயரில் முதல் பெரிய செட்டை நடத்தினார். அவருக்கு ஆம்ப்ளிபயர் செய்து கொடுத்தவர் ஹெட்லி ஜோன்ஸ். போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையில் ரேடார் வேலை பழகித் திரும்பியவர். பேஸையும் கீச்சு ஒலியையும் தனித்தனியாகப் பிரித்து ஏற்றவும் இறக்கவும் அவர் வழிசெய்தார். பிறகு டியூக் ரீட், காக்ஸன் டாட் என்று போட்டியாளர்கள் வந்தார்கள். பீரோ அளவுக்குப் பெட்டிகள் செய்து, எதிரெதிரே நிறுத்தி, யார் சத்தம் கனம் என்று மோதிக்கொண்டார்கள். (இன்னொன்று: ஜமைக்காவில் தட்டுப் போடுகிறவர் 'செலக்டர்', மைக்கில் பேசுகிறவர்தான் 'டீஜே'. நம் பையன்கள் இரண்டு வேலையையும் ஒரே சம்பளத்துக்குச் செய்கிறார்கள்.)

பேஸ் மோகம் திறந்தவெளியில் பிறந்ததில் நியாயம் இருக்கிறது. அறைக்குள் சுவர்கள் பேஸைத் திருப்பித் தந்து கூட்டிவிடும். வெளியில் அந்த உதவி கிடையாது. தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் போய்விடும். அதுபோக ஒரே அளவு சத்தத்தை 80க்குப் பதில் 40 ஹெர்ட்ஸில் எழுப்பக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசையவேண்டும். ஆகவே பெரிய கூம்பு, பெரிய பெட்டி, நிறைய வாட். 1956இல் பிரிட்டனில் வந்த கேடி88 வால்வு ஒரு ஜோடியிலிருந்து 100 வாட் வரை தந்தது. சவுண்ட் சிஸ்டம்காரர்களுக்கு அது வரப்பிரசாதம்.

பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பது அதுவரை கைப்பழக்கம்தான். 1961இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல், துளை வைத்த பெட்டிகளுக்கு முறையான கணக்கு எழுதினார். உள்நாட்டு இதழில் வந்ததால் உலகம் கவனிக்கவில்லை. 1971இல் அமெரிக்க ஒலிப் பொறியியல் சங்கத்தின் இதழ் மறுபடி அச்சிட்டபோதுதான் கண் திறந்தது. சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து எழுதினார். இன்று எந்த நல்ல ஸ்பீக்கரின் தாளிலும் இருக்கும் தீல்-ஸ்மால் எண்கள் இவர்கள் பெயரில் வந்தவை. அந்தக் கணக்கு சொல்லும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று: பெட்டி எந்த அதிர்வெண்ணுக்கு அமைக்கப்பட்டதோ அதற்குக் கீழே உள்ள ஒலியை அனுப்பினால், கூம்பைப் பிடித்து நிறுத்தப் பெட்டிக்குள் காற்று இருக்காது. கடிவாளம் அறுந்த மாடு மாதிரி ஓடும். அதனால் 30, 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும் பில்டர் கட்டாயம். இதை விட்டுவிட்டு வாட் மட்டும் பார்த்தால், சூடாகாமலேயே ஸ்பீக்கர் கிழியும்.

இதற்கிடையே டிரான்சிஸ்டர் வந்தது. 1967இல் வந்த கிரவுன் டிசி-300, 8 ஓமில் சேனலுக்கு 150 வாட் தந்தது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இல்லை. மேட்சிங்கின் அர்த்தம் தலைகீழானது இங்கேதான். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர் நம் வீட்டு மின்சாரம் மாதிரி. வோல்ட்டை அது பிடித்து நிற்கும். எவ்வளவு ஆம்பியர் என்பதை மாட்டிய சுமை முடிவு செய்யும். அதன் உள்மின்தடை ஓமில் சில நூறில் ஒரு பங்குதான். அதற்குச் சமமாக ஸ்பீக்கரைப் பொருத்த யாரும் முயல்வதில்லை, முயன்றால் அது ஷார்ட் சர்க்யூட். வால்வை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டக்கூடாது; டிரான்சிஸ்டரைக் குறைந்த ஓமில் ஓட்டக்கூடாது. ஒன்றின் மருந்து மற்றதற்கு விஷம்.

1967இலேயே கிங்ஸ்டனிலிருந்து நியூயார்க்கின் பிராங்ஸுக்குக் குடிபெயர்ந்த கிளைவ் கேம்பல் என்ற சிறுவன்தான் பின்னாளில் கூல் ஹெர்க் ஆனான். 1973 ஆகஸ்ட் 11 அன்று தங்கையின் விருந்துக்கு அவன் தட்டுப் போட்ட நாளைத்தான் ஹிப் ஹாப்பின் பிறந்தநாள் என்கிறார்கள். அப்பா வாங்கிவைத்த சவுண்ட் செட்டின் முழுச் சக்தியும் வெளியே வராமல் கிடக்க, பையன் இணைப்பை மாற்றிக் கொடுத்து வரவழைத்தானாம். வயர் எங்கே போகிறது என்று தெரிந்தவன்தான் டிஜே.

இப்போது நம் பையனின் கணக்கு. பெட்டி ஒவ்வொன்றும் 8 ஓம், 600 வாட் ஏஇஎஸ் என்று வைப்போம். ஏஇஎஸ் என்றால் இரைச்சல் ஒலியை 2 மணி நேரம் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த அளவு. அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் 2,400 வாட் 'பீக்' என்பது அதே 600தான், நான்கால் பெருக்கியது. கடன் போடுமுன் எந்த எண் எது என்று பார்க்கவேண்டும். எட்டையும் ஒரே இரண்டு சேனல் ஆம்ப்ளிபயரில் மாட்டினால், சேனலுக்கு நான்கு பெட்டி, 8ஐ 4ஆல் வகுத்தால் 2 ஓம். 69 வோல்ட் கொடுத்தால் ஒரு பெட்டிக்கு 600 வாட். ஆனால் சேனலிலிருந்து சுமார் 35 ஆம்பியர் ஓடவேண்டும். இரவு முழுக்க, சித்திரை வெயிலில் காய்ந்த வண்டிக்குள், மின்னழுத்தம் தள்ளாடும் ஜெனரேட்டரில். 2 ஓம் தாங்கும் என்று தாளில் போட்டிருக்கலாம், தாளுக்கு வியர்க்காது. வயரும் ஒரு செலவு: 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு 20 மீட்டர் போய்த் திரும்பினால் சுமார் 0.3 ஓம். 2 ஓமில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு வயரைச் சூடாக்கவே போகும். 4 ஓமில் அது ஏழாகிவிடும்.

ஆகவே இரண்டு ஆம்ப்ளிபயர், சேனலுக்கு இரண்டு பெட்டி, 4 ஓம். இரண்டு பெட்டிக்கு 1,200 வாட் வேண்டும். ஆம்ப்ளிபயர் 4 ஓமில் 1,800 வாட் அளவில் இருந்தால் தாளச் சத்தத்தின் உச்சத்துக்கு இடம் இருக்கும். பிரிட்ஜ் போட்டு ஓட்டாதே. 4 ஓமைப் பிரிட்ஜில் மாட்டினால் ஒவ்வொரு சேனலும் அதை 2 ஓமாகத்தான் உணரும். பிராசசரில் லிமிட்டரை 69 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே வை. பெட்டிகள் பக்க இணைப்பில் இருப்பதால் எல்லாவற்றுக்கும் அதே வோல்ட்தான். 'சின்ன ஆம்ப்ளிபயர்தான் ஸ்பீக்கரை எரிக்கும்' என்று கடைகளில் சொல்வதில் பாதி உண்மை. அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரமானால், 500 வாட் ஆம்ப்ளிபயரிலிருந்து 1,000 வாட் வரை வெளியே போகும். எரிப்பது சராசரி வாட். ஆம்ப்ளிபயரின் அளவு இல்லை. சுருள் 200 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் மின்தடை ஏறக்குறைய 1.8 மடங்காகும். நள்ளிரவில் சத்தம் குறைந்துவிட்டது என்று பையன்கள் குமிழைத் திருப்புவது அப்போதுதான், சுருள் போவதும் அப்போதுதான்.

வாட்டை மட்டும் இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல், ஆடுகிறவனுக்குத் தெரியவே தெரியாது. பெட்டியையும் வாட்டையும் சேர்த்து இரண்டு மடங்காக்கினால் 6. நான்கு பெட்டி நன்றாகப் பொருந்தியிருந்தால் நம் ஊர்த் தெருவுக்கு அது தாராளம் என்பது என் கட்சி. மிச்சக் கடன் மிச்சம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்காக வருடத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். பொது இடத்தின் எல்லையில் சுற்றுப்புறச் சத்தத்தைவிட 10 டெசிபல் கூடுதல், அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு. அந்த டெசிபல் 'ஏ' அளவுகோலில் எடுப்பது. அது 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபல் குறைத்துக் காட்டும். அதாவது 100 டெசிபல் பேஸ் வீட்டு வாசலில் இடித்தாலும் கருவி 70 என்று சொல்லும், வரம்புக்குள் இருப்பது போல. குழாய்க் காலத்தில் எழுதத் தொடங்கிய அளவுகோல் அது. சப்வூபரை அது பார்ப்பதில்லை. 6.8 மீட்டர் நீள அலைக்கு ஓட்டு வீட்டுச் சுவரும் ஒரு பொருட்டில்லை. உள்ளே கட்டிலில் படுத்திருக்கும் பாட்டிக்கு நெஞ்சில் அடிக்கிறது, அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஆடுகின்றன, கையில் கருவியோடு வந்தவர் எல்லாம் சரிதான் என்று எழுதிக்கொண்டு போகிறார்.