'வள்ளியம்மா பேராண்டி': 'எஞ்சாய் எஞ்சாமி' நிழலில் நின்ற ஆல்பம்... ஏன் கேட்கணும்?

2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' தெரியாதவங்க கம்மி. ஆனா, அதை எழுதி, தீயுடன் சேர்ந்து பாடிய அறிவு 2024-ல் கொடுத்த 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பத்தை எத்தனை பேர் முழுசா கேட்டிருப்போம்?

யார் இந்த வள்ளியம்மா?

அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அந்த ஹிட் பாட்டுக்கும் அவர் கதைதான் வேர்.

பின்னணி என்ன?

1948 குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில், 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்க முடிவானது. சம்பந்தப்பட்ட மக்களிடம் யாரும் விருப்பம் கேட்கலை.

ஆல்பத்தில் என்ன ஸ்பெஷல்?

தலைப்பேதான். 'பேராண்டி' என்றால் பேரன். தன் பெயருக்குப் பதிலா, பாட்டி பெயரையே அடையாளமா வைத்திருக்கிறார் அறிவு. நாடில்லாதவர் என ஒதுக்கப்பட்ட ஒரு தலைமுறைக்கு அதுவே மரியாதை.