'அல்' சொல்லும் வரலாறு

ஆங்கில அகராதியில் 'ஏ', 'எல்' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும் சொற்களைத் திரட்டி, அவை யாவும் அரபு மொழி ஐரோப்பாவுக்கு அளித்த கொடை எனக் காட்டும் பட்டியல்கள் நம் மேடைகளிலும் மலர்களிலும் நெடுங்காலமாக உலவி வருகின்றன. அல்ஜீப்ரா, ஆல்கஹால், ஆல்கலி, ஆல்கெமி என்று தொடங்கும் அப்பட்டியல் பெரும்பாலும் உண்மையே. ஆயினும் ஆர்வ மிகுதியால் அலாரம், அலபாஸ்டர், ஆல்ஃபபெட் ஆகியனவும் அதில் நுழைந்துவிடுவதுண்டு. அலாரம் என்பது 'ஆயுதம் ஏந்துக' எனப் பொருள்படும் இத்தாலியத் தொடர். அலபாஸ்டர் கிரேக்க மொழி வழியாக வந்தது. ஆல்ஃபபெட் கிரேக்க நெடுங்கணக்கின் முதல் இரண்டு எழுத்துகளின் பெயர். (ஆல்ஃபாவும் நமது அலிஃபும் ஒரே பண்டைய செமித்திய எழுத்தின் வழிவந்தவை. அது உறவே தவிர, கொடையன்று.)

அறிவிப்பாளர் தொடரை ஆராயாமல் ஒரு செய்தியை ஏற்கலாகாது என்று உலகுக்குக் கற்பித்த மரபு நம்முடையது. சொற்களுக்கும் 'இஸ்னாத்' உண்டு. கல்லூரியில் பயிலும் நம் பிள்ளை இப்பட்டியலை எடுத்துரைக்கும்போது, எதிரிலிருப்பவர் ஒரு சொல்லைத் தவறென நிறுவிவிட்டால், மெய்யான பத்துச் சொற்களும் அதனுடன் சேர்ந்து ஐயத்துக்குள்ளாகிவிடும்.

ஆல்கஹாலையே எடுத்துக்கொள்வோம். திருமறையின் 'அஸ்ஸாஃப்பாத்' அத்தியாயம் 47ஆம் வசனத்தில் வரும் 'கவ்ல்' என்ற சொல்லே இதன் மூலம் என்பார் உளர். சொர்க்கத்துப் பானத்தில் அக்கேடு இல்லை என்பது அங்கே கூறப்படுவதால், விளக்கம் கவர்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஆல்கஹால் என்பதற்கு மதுவென்று பொருளில்லை. மிக நுண்ணிய பொடி என்றே பொருள். எனவே அது 'அல்குஹ்ல்', அதாவது நாம் கண்ணுக்கு இடும் சுர்மா. நுண்பொடி என்பது 'சாரம்' என விரிந்து, பாராசெல்ஸஸ் போன்றோர் எழுத்தில் திராட்சை மதுவின் சாரத்தைக் குறிக்கலாயிற்று. விலக்கப்பட்ட பொருளுக்குச் சுர்மாவின் பெயர் வாய்த்தது மொழியின் விளையாட்டு என்றே சொல்ல வேண்டும்.

அல்ஜீப்ராவின் தொடர் இதைவிடத் தெளிவானது. கலீஃபா மஃமூன் ஆட்சியில் (813–833) அல்குவாரிஸ்மி இயற்றிய நூலின் பெயரிலுள்ள 'அல்ஜப்ர்' என்பதே அது. 1145இல் ஸ்பெயினின் செகோவியா நகரில் செஸ்டர் ராபர்ட் அந்நூலை இலத்தீனில் பெயர்த்தார். 'ஜப்ர்' என்றால் உடைந்ததைப் பொருத்துதல். ஸ்பானிய மொழியில் முறிந்த எலும்பைப் பொருத்துபவரும் 'அல்கெப்ரிஸ்தா' எனப்பட்டார். நமது ஊர்ப்புறத்து எலும்பு முறிவு வைத்தியரும் ஒருவகையில் அல்ஜீப்ரா வல்லுநரே!

அரபு இலக்கணம் பயின்றோர்க்கு இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். 'அல்' என்பதன் லாம், 14 கமரீ எழுத்துகளுக்கு முன்னேதான் ஒலிக்கும். 14 ஷம்ஸீ எழுத்துகளுக்கு முன் அது அடுத்த எழுத்தோடு கரைந்துவிடும். ரோகிணி நட்சத்திரத்தை 'அத்தபரான்' என்றே அரபியர் ஒலிப்பர். ஐரோப்பியரோ 'அல்டெபரான்' என்கின்றனர். திருவோண நட்சத்திரமான 'அத்தாஇர்' அவர்களிடம் 'அல்டேர்' ஆயிற்று. இவை ஏட்டிலிருந்து, எழுத்தைப் பார்த்துப் பெயர்க்கப்பட்டவை என்பதற்கு ஒலிக்காத அந்த லாமே சாட்சி. மாறாக, ஸ்பெயின் மக்கள் அங்காடியில் காதால் கேட்டுப் பெற்ற சொற்களில் லாம் இல்லை. சர்க்கரை 'அஸூகார்' (அஸ்ஸுக்கர்); அரிசி 'அர்ரோஸ்' (அர்ருஸ்); எண்ணெய் 'அசெய்தே' (அஸ்ஸைத்). விதிவிலக்குகளும் உண்டு. வானியல் ஏடுகளின் சொல்லான 'அஸிமுத்' (அஸ்ஸுமூத்) காதால் கேட்ட வடிவிலேயே வந்திருக்கிறது.

இத்தாலிய வழியே சென்ற சொற்கள் பெரும்பாலும் 'அல்'லை உதறிவிட்டே சென்றன. பருத்தி ஸ்பானியத்தில் 'அல்கொதோன்'. இத்தாலிய, பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தில் 'காட்டன்'. களஞ்சியம் எனப் பொருள்படும் 'மக்ஸன்' ஸ்பானியத்தில் 'அல்மசேன்', ஆங்கிலத்தில் 'மேகஸின்'. 1731இல் இலண்டனில் எட்வர்ட் கேவ் தம் பருவ ஏட்டுக்கு அப்பெயரைச் சூட்டிய பிறகு இதழ்களும் மேகஸின் ஆயின. ஆக, 'அல்' என்பது சொல் எந்த வாயிலால் நுழைந்தது என்பதைக் காட்டும் முத்திரை. அது இல்லையென்பதால் ஒரு சொல் அரபு அல்ல என்றாகிவிடாது. இருப்பதாலேயே அரபு ஆகிவிடவும் செய்யாது.

இவ்வளவுகோலைத் தமிழுக்குப் பொருத்திப் பார்ப்போம். உளுந்தூர்பேட்டை தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடைபெறும் நாளில் சென்று நின்றால், தாசில்தார், வசூல், பாக்கி, ரத்து, அசல், நகல், பசலி என்று அரபு வேர்ச்சொற்கள் நாற்புறமும் ஒலிக்கும். அவற்றுள் ஒன்றிலேனும் 'அல்' கிடையாது. காரணம், அவை அரபு வணிகர் வழியாக அன்றி, பாரசீக மொழியின் ஆட்சிக் கச்சேரி வழியாக வந்தவை. பாரசீகத்தில் 'அல்' போன்ற சுட்டு இல்லை. அப்பகுதியை உள்ளடக்கியிருந்த தென்னாற்காட்டின் வரலாறே இதற்கு விளக்கம். செஞ்சிக் கோட்டை 1649இல் பீஜப்பூர் வசமும், 1677இல் மராத்தியர் வசமும், 1698இல் முகலாயர் வசமும் ஆயிற்று. பின்னர் ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சி. 1801இல் கர்நாடகத்தைக் கைக்கொண்ட ஆங்கிலக் கம்பெனி, வரிக்கணக்கின் சொற்களை மாற்றாமல் வைத்துக்கொண்டது. 1993இல் தென்னாற்காடு பிரிக்கப்பட்டது, 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று, தாசில்தார் வட்டாட்சியரானார். மக்கள் நாவில் அவர் இன்றும் தாசில்தாரே. அதே 'காழீ' ஸ்பெயினில் 'அல்கால்தே' ஆகி இன்று நகரத் தலைவரைக் குறிக்க, நம் ஊர்களில் காஜியாராகத் திருமணப் பதிவேட்டுடன் நிற்கிறார்.

நாம் நேரடியாக அரபியிலிருந்து பெற்றவற்றில் 'அல்' தங்கியிருக்கிறது, சில வேளை இடம் மாறியும். 'அப்துல்' என்று ஒருவரை அழைக்கும்போது, அடுத்த சொல்லுக்குரிய லாமை முந்தைய சொல்லோடு ஒட்டவைத்து, இறைவனின் திருநாமத்தை விட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தின் 'அட்மிரல்' அவ்வாறே 'அமீருல் பஹ்ர்' போன்ற தொடர் அறுபட்டுப் பிறந்தது என்பது பெருவழக்கான விளக்கம்.

தமிழில் 'அல்' என்று தொடங்கி, அரபியிலிருந்தும் வந்து, அனைவர் நாவிலும் இனிக்கும் சொல் ஒன்று உண்டு: அல்வா. அதன் மூலம் 'ஹல்வா'. தலையிலிருந்த ஹகரம் தேய்ந்து அகரமானதேயன்றி, அதிலுள்ள 'அல்' அந்த 'அல்' அன்று.